வேலியில் நிற்கும் வெருகு

போன வருடம் கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை, கொல்லைப்புறத்திலிருந்து வழக்கமாகக் கேட்கும் சேவலின் குரல் கேட்கவில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்த இரவு அது. குளிருக்குச் சோம்பிக் கிடக்கிறது போலும் என்று எண்ணி மறுபடியும் படுத்துவிட்டேன். வெளிச்சம் வந்தபின் போய்ப் பார்த்தபோது ஏழு பேடைகளும் ஒரு சேவலும் கம்பிவலைக்குள்ளேயே இறந்து கிடந்தன. ஒரு பேடையின் நெஞ்சுப்பகுதி மட்டும் தின்னப்பட்டிருந்தது. மற்ற ஏழும் கழுத்தில் கடிபட்டு, இறகு கலைந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தன. வலை தரையோடு சேரும் இடத்தில் இரண்டு கைகளை நுழைக்கும் அளவுக்கு ஒரு கிழிசல்.

வலை பழையதன்று. நகரத்து இரும்புக்கடை ஒன்றில் மூன்று மாதங்களுக்கு முன் வாங்கியது. அறுகோணக் கண்கள் கொண்ட, சுருட்டி விற்கப்படும் அந்தச் சாதாரணக் கோழிவலைதான். "இதுக்குள்ள விட்டா கோழி வெளிய போகாது சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு கோழியும் வெளியே போகவில்லை. எதுவும் உள்ளே வராது என்று அவர் சொல்லவே இல்லை. அதை நானாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

எட்டையும் மாமரத்தடியில் புதைத்துவிட்டேன். அதன்பின் நான்கைந்து மாதங்கள் கோழியே வாங்காமல் கோழிவேலியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இதை ஒருவிதப் பைத்தியம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒரு வேலி ஏன் தோற்றது என்று தெரியாமல் இன்னொரு வேலியைக் கட்ட மனம் வரவில்லை.

*

நம்மைப் போன்றவர்கள் எதற்கும் முதலில் சங்கப்பாடல்களைத்தான் புரட்டுகிறோம். நானும் அதையே செய்தேன். கோழியைத் தின்னும் விலங்கென்று அங்கே திரும்பத் திரும்ப வருவது வெருகு. இன்று நாம் காட்டுப்பூனை என்று சொல்வதாகவே பெரும்பாலும் பொருள்கொள்ளப்படுகிறது.

குறுந்தொகையின் 139ஆம் பாடல் ஒக்கூர் மாசாத்தியார் எழுதியது. மாலைப்பொழுதில் வெருகுகள் வந்துவிட்டதை அறிந்த வீட்டுப்பேடை, பரவித் திரியும் தன் குஞ்சுகளைத் துயரத்தோடு கூவி அழைக்கும் காட்சி அதில் வருகிறது. பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனை எங்கள் தெருவுக்கு வராதே என்று தோழி மறுக்கும் பாட்டு. 107ஆம் பாடலில் மதுரைக் கண்ணனாரின் தலைவி, தலைவனோடு கழியும் இரவைக் கூவிக் கெடுத்த சேவலை, நீ வெருகுக்குட்டிக்கு இரையாகிப் போ என்று சபிக்கிறாள். சபிக்கும்போது கூட இயல்பாக வாயில் வருவது வெருகுதான். அந்த அளவுக்கு அன்றாடமான அச்சம் அது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது புறநானூற்றின் 326ஆம் பாடல். தங்கால் பொற்கொல்லனார் பாடியது. ஊர்வேலியில் பதுங்கி நடக்கும் வெருகுக்கு அஞ்சிய இளம்பேடை ஒன்று நள்ளிரவில் உயிர் நடுங்கிக் கதறுகிறது. பஞ்சு நூற்கும் பெண் ஒருத்தி, குப்பையும் தூசும் புடைத்து அகற்றுவதற்காக எழுந்து சிறுவிளக்கை ஏற்றுகிறாள். அந்த வெளிச்சத்தில் பக்கத்திலிருக்கும் சேவலின் சிவந்த கொண்டை தெரிந்ததும் பேடை அமைதியடைகிறது. அவள் கோழிக்காக எழவில்லை. தன் வேலைக்காக எழுந்தாள். கோழிக்குக் கிடைத்தது அந்த வேலையின் ஓரத்தில் சிந்திய வெளிச்சம். கோழியைப் பற்றி இவ்வளவு துல்லியமாகப் பார்த்து எழுதப்பட்ட வேறொரு பாடலை நான் படித்ததில்லை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. அடைந்தபின் அது கேட்கும்; பார்க்காது. அச்சம் தீர அதற்கு வேண்டியிருப்பது சிறிது ஒளி.

இந்தப் பாடல்களை மறுபடி மறுபடி படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. இவற்றில் இரண்டில் வேலி வருகிறது. இரண்டிலும் அது வெருகோடு சேர்ந்தே வருகிறது. வேலி வெருகைத் தடுக்கும் இடமாக இல்லை. வெருகு இருக்கும் இடமாகவே இருக்கிறது. உயிர்வேலியைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. கள்ளியும் முள்ளும் கொடியும் பின்னிக்கிடக்கும் வேலி ஆட்டையும் மாட்டையும் நிறுத்தும். காட்டுப்பூனைக்கோ அது பகலில் உறங்குவதற்கும் அந்தியில் பதுங்கி நின்று முற்றத்தை நோட்டமிடுவதற்கும் ஏற்ற வீடு. வேலி போட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் நமக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. அந்தப் புலவர்களுக்கு அது இருந்ததாகத் தோன்றவில்லை.

*

கோழிக்கு இயற்கை கொடுத்த வேலி மரம். செங்காட்டுக்கோழி இன்றும் பகலெல்லாம் தரையில் கிளறிவிட்டு அந்தியில் மரமேறிக் கிளையில் அடைகிறது. அதை மரத்திலிருந்து இறக்கியது எது? 2022இல் வெளியான ஆய்வு ஒன்று சுவையான விடையைச் சொல்கிறது. ஐயத்துக்கிடமின்றி வளர்ப்புக்கோழி என்று கொள்ளத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை. காலம் ஏறத்தாழ கி.மு. 1650க்கும் 1250க்கும் இடையில். மானாவாரி நெல்லும் தினையும் பயிரிட்ட ஊர்களைச் சுற்றிச் சிந்திய தானியமே காட்டுக்கோழியை மனிதனிடம் கொண்டுவந்தது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. நாம் பிடித்து வந்ததைவிட அது நடந்து வந்ததே உண்மைக்கு நெருக்கமானது என்றாகிறது.

நடந்து வந்தாலும் மரத்தை அது மறக்கவில்லை. தாமிரபரணிக் கரையில் இருந்த எங்கள் ஆச்சியின் வீட்டில் வளர்ந்த கோழிகள் பொழுது சாய்ந்ததும் நாரத்தை மரத்தில் ஏறிவிடும். முள்மரம் என்பதால் அதைத் தேர்ந்தன என்று ஆச்சி சொல்லுவாள். அடைகாத்து எழுந்த பேடைக்கும் குஞ்சுகளுக்கும் மட்டுமே பஞ்சாரம். கொங்கு நாட்டில் குடாப்பு என்றும் யாழ்ப்பாணத்தில் கரப்பு என்றும் சொல்வார்கள். பிளந்த மூங்கிலால் முடைந்த, அடிப்பாகம் இல்லாத, கவிழ்த்த கூடை. மேலே கைநுழையும் வாய். அதன்மீது ஒரு கல்.

பஞ்சாரத்தை ஒரு பாதுகாப்புக் கருவியாக எண்ணிப் பார்த்தால் அது மிகவும் எளியது. பகலில் காகத்தையும் பருந்தையும் தடுக்கும். கீரிக்கு அதன் அடியைப் பறிக்கச் சிறிது நேரம் போதும். ஆனால் ஆச்சி அதைக் கொல்லையில் வைத்ததே இல்லை. பகலில் அவள் பார்வை படும் முற்றத்திலும், இரவில் அடுப்படிக்குப் பக்கத்திலும்தான் அது இருக்கும். வாசலில் நாய், திண்ணையில் உறக்கம் பிடிக்காத தாத்தாவின் இருமல், இவற்றுக்கு நடுவில் அந்தக் கூடை. காவல் கூடையில் இல்லை, வீட்டில் இருந்தது. அந்தி நேரத்தில் அவள் கேட்கும் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஏல, கோழிய எண்ணுனியா?"

நான் செய்தது என்ன? கோழிகளை மரத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் ஒருசேர விலக்கி, நாங்கள் உறங்கும் அறைக்கு நூறடி தள்ளி, ஒரு வலைக்குள் விட்டேன். எண்ணவும் இல்லை.

*

பஞ்சாரத்தில் இல்லாதது கட்டடம். கோழிக்கென்று ஒரு கட்டடத்தை அளவுகளோடும் எதிரிகளின் பெயரோடும் எழுதிவைத்தவர்களைத் தேடிப்போனால் ரோமாபுரிக்குப் போய்ச் சேர்கிறோம்.

மார்க்குஸ் வர்ரோ தன் வேளாண்மை நூலை கி.மு. 37இல், எண்பதாவது வயதில் எழுதினார். அதன் மூன்றாம் பகுதி முழுவதும் பண்ணை வீட்டில் வளர்க்கும் பறவைகளும் சிறு உயிர்களும். அது ஓர் உரையாடலாக அமைந்திருக்கிறது. தேர்தல் நாள், வாக்குகள் எண்ணி முடியும்வரை நிழலில் ஒதுங்கியிருப்பவர்கள் பேசிப் பொழுதைப் போக்குகிறார்கள். அவர்களுடைய பெயர்களைப் பாருங்கள்: மெருலா, பாவோ, பீக்கா, பாஸ்ஸர். லத்தீனில் இவை முறையே கரும்பறவை, மயில், மேக்பை, சிட்டுக்குருவி. கிழவருக்குக் குறும்பு குறையவில்லை.

இருநூறு கோழிகளுக்கான வர்ரோவின் திட்டம் இது. கிழக்கு பார்த்து, ஒன்றையொன்று அடுத்து, இரண்டு பெரிய கூடுகள். ஒவ்வொன்றும் சுமார் பத்தடி நீளம், அதில் பாதி அகலம், உயரம் அதைவிடச் சற்றுக் குறைவு. இரண்டிலும் சன்னல் உண்டு. அதில் கண்ணாடியோ பலகையோ அன்று, இடைவெளி விட்டுப் பின்னிய மிலாறு. நிறைய வெளிச்சம் வரவேண்டும். கோழிக்குத் தீங்கு செய்யும் எதுவும் நுழையக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் அவர் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார். இன்றுவரை கம்பிவலை செய்பவர்கள் தீர்க்க முயன்றுகொண்டிருப்பது அந்த வாக்கியத்தைத்தான். கூடுகளுக்கு முன்னால் அடைக்கப்பட்ட ஒரு முற்றம்; பகலில் கோழிகள் அங்கே புழுதியில் புரளும். அருகிலேயே கோழிக்காரனுக்கு ஓர் அறை. ஆச்சி வீட்டுத் திண்ணையை ரோமானியர்கள் கட்டடத்தின் பகுதியாகவே சேர்த்துவிட்டார்கள்.

பாம்புக்கு அவர் சொல்லும் மருந்து மான்கொம்பைக் கொளுத்துவது. பாம்பு அண்டாது, அதன் நாற்றத்திலேயே குஞ்சுகள் செத்துப்போகும் என்கிறார். (நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். பாம்பு போகிறதோ இல்லையோ, மான்கொம்பு வைத்திருந்ததற்காக வனத்துறை வந்துவிடும்.)

வாத்துகளுக்கான அடைப்பைச் சொல்லும்போது வர்ரோ இன்னும் கவனமாக இருக்கிறார். பூனை முதலான எந்த விலங்கும் நுழையாதபடி சுவரில் காரை பூசவேண்டும். மேலே முழுவதையும் பெரிய கண்கள் கொண்ட வலையால் மூடவேண்டும்; கழுகு உள்ளே பாயக்கூடாது, வாத்து வெளியே பறக்கக்கூடாது. ஒரே வலைக்கு இரண்டு வேலைகள் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லும் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு இரும்புக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் ஒரு வேலையை மட்டும் சொன்னார்.

வர்ரோவுக்கு நூறாண்டு கழித்து வந்தவர் கொலுமெல்லா. ஸ்பெயினின் காதிஸ் நகரத்தில் பிறந்தவர். இவருடைய கோழிவீட்டில் மூன்று அறைகள். குளிர்காலத்துச் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்தவை. அடுப்புக்கோ சமையலறைக்கோ பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. புகை கோழிக்கு நல்லது. சன்னல்களில் அழி போடவேண்டும். எல்லாச் சுவர்களையும் உள்ளும் புறமும் காரை பூசி வழவழப்பாக்கவேண்டும். ஃபேலெஸும் பாம்பும் ஏறக்கூடாது. ஃபேலெஸ் என்ற சொல் காட்டுப்பூனையையும் குறிக்கும், மரநாயைப் போன்ற மரமேறிகளையும் குறிக்கும். கோழியை இழந்தவனுக்கு எதிரியின் இனப்பகுப்பு முக்கியமில்லை போலும். எங்கள் வீட்டுக்கு வந்தது வெருகா மரநாயா என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

வழவழப்பான சுவர் என்பது சாதாரண யோசனை அன்று. அதை எழுதியவர் எதிரியின் நகத்தைப் பற்றி எண்ணியிருக்கிறார். உயரம் மட்டும் பூனையை நிறுத்தாது. பற்றிக்கொள்ள ஏதும் இல்லாத உயரமே நிறுத்தும். வலை என்பதோ ஆயிரக்கணக்கான படிகள் கொண்ட ஏணி.

இந்த இருவரிடமும் நான் கற்றது ஒன்றே. அவர்கள் பகலையும் இரவையும் வேறு வேறாகக் கட்டினார்கள். பகலுக்கு அடைத்த முற்றம். அங்கே காவலனின் கண் உண்டு. இரவுக்குக் கனத்த சுவர், அழி, கதவு. முற்றம் இரவைத் தாங்கும் என்று அவர்கள் நம்பவில்லை.

*

அந்த வேறுபாட்டை மறக்கச் செய்தது இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில் பிறந்த ஒரு பொருள் என்று நினைக்கிறேன். நார்விச் நூற்றாண்டுகளாகக் கம்பளித் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கின் நீராவி ஆலைகளோடு போட்டியிட முடியாமல் அந்த நெசவு தளர்ந்துகொண்டிருந்தது. அங்கே இரும்புப்பொருள் வணிகம் செய்த சார்லஸ் பார்னர்ட் 1844இல் தறியின் முறையைத் தழுவி ஒரு பொறியை அமைத்தார். நூலுக்குப் பதிலாகக் கம்பி. ஒவ்வொரு கம்பியும் இடப்பக்கத்து அண்டைக் கம்பியோடு ஒருமுறை முறுக்கிக்கொள்ளும், அடுத்து வலப்பக்கத்து அண்டையோடு. இடையில் பிறப்பது அறுகோணக் கண். பற்றவைப்பு இல்லை, ஆணி இல்லை. துணியைப் போலச் சுருட்டலாம், வளைக்கலாம். தளர்ந்த நெசவு இரும்பில் மறுபிறவி எடுத்த கதை என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

அது சரியான நேரத்தில் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோழிப்பித்து பிடித்தது. சீனத்திலிருந்து வந்த கொச்சின் கோழிகள் விக்டோரியா அரசியின் விண்ட்சர் பறவையகத்துக்குப் போயின. 1849இல் பாஸ்டனில் முதல் கோழிக்கண்காட்சி. அங்கே கோழி விற்றுப் பணம் பார்த்த ஜார்ஜ் பர்ன்ஹாம் என்பவரே 1855இல் இந்தப் பித்தைக் கேலிசெய்து ஒரு புத்தகம் எழுதினார். அதுவரை களத்துமேட்டில் தானாகத் திரிந்த பறவைக்கு ஒரு விலை வந்தது, வம்சாவளி வந்தது. ஆகவே அடைப்பு தேவைப்பட்டது. அயல்சேவல் கலந்துவிடக் கூடாது, காட்சிக்குரிய இறகு கெடக்கூடாது, பார்க்க வருபவர்களுக்குப் பறவை தெரியவேண்டும். இவை அத்தனைக்கும் பார்னர்டின் வலை பொருத்தம். நரியைப் பற்றி இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை.

வலையின் பிற்கால வாழ்க்கை கோழியைவிடப் பெரியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901க்கும் 1907க்கும் இடையில் கட்டப்பட்ட முயல் தடுப்பு வேலிகளில் முதலாவது மட்டும் 1,833 கிலோமீட்டர் நீளம். வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள்ளும் புதைத்திருந்தார்கள். வேலை முடிவதற்குள் முயல்கள் அதைத் தாண்டிவிட்டிருந்தன. முதல் உலகப்போரில் சினாய்ப் பாலைவனத்து மணலில் சிப்பாய்களின் கால் புதையாமலிருக்க இதே வலையை விரித்துப் பாதை போட்டார்கள். அதே போரின்போது அமெரிக்க வேளாண்துறை, வீட்டிலுள்ள ஆளுக்கு இரண்டு கோழி வளருங்கள் என்று சுவரொட்டி அடித்தது. அடுத்த போரில் பிரிட்டனின் நகரவாசிகள் தங்கள் முட்டைப் பங்கீட்டை விட்டுக்கொடுத்துக் கோழித்தீவனம் பெற்றார்கள். கோழியை அறியாத, திண்ணையும் நாயும் இல்லாத, பகலில் வேலைக்குப் போய்விடும் மனிதர்களின் கொல்லைகளுக்குக் கோழி வந்து சேர்ந்தது இப்படித்தான். நானும் அந்த வரிசையில் வந்தவன்தான்.

வலை கொண்டுவந்த மாற்றங்களில் அதிகம் பேசப்படாதது, அது கண்ணுக்குத் தெரியாமல் போவது. கொலுமெல்லாவின் சுவருக்கு வெளியே நிற்கும் பூனைக்குக் கோழி தெரியாது. வலைக்கு வெளியே நிற்கும் பூனைக்கு எட்டுக் கோழிகளும் தெரியும். இரவெல்லாம் அது பார்த்துக்கொண்டு நிற்கலாம். வலையின் ஒவ்வொரு முழத்தையும் சோதிக்கலாம். மெல்லிய முறுக்குக் கம்பியைத் தெருநாயின் பல்லே பிய்த்துவிடும். ஓரங்குலத்துக்கு மேற்பட்ட கண்ணில் கீரிக்குட்டி நுழையும். ராக்கூன் என்னும் அமெரிக்க விலங்கு கண்ணுக்குள் கையை விட்டே கோழியைப் பிடித்து இழுத்துவிடும் என்கிறார்கள். நல்லவேளை, அது நம்மிடம் இல்லை.

*

ஏன் எட்டையும்? இந்தக் கேள்விதான் என்னை நெடுநாள் வருத்தியது. பசிக்கு ஒன்று போதுமே.

இதற்கான விடை ஒரு கோழிப்பண்ணையில் கிடைக்கவில்லை, கடற்கரையில் கிடைத்தது. விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் இங்கிலாந்தின் வடமேற்கே ராவன்கிளாஸ் என்ற இடத்தில் தரையில் கூடுகட்டும் கடற்காக்கைகளின் குடியிருப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார். மிக இருண்ட இரவுகளில் நரிகள் அங்கே புகுந்து தின்பதைவிட எத்தனையோ மடங்கு பறவைகளைக் கொன்று போட்டுவிட்டுப் போயின. 1972இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் முதலில் சுட்டப்படுவது. அவர் விளக்கத்தை என் மொழியில் சொல்கிறேன். ஊனுண்ணிக்குக் கொல்லும் உந்துதல் வேறு, தின்னும் உந்துதல் வேறு. வயிறு நிறைந்தால் இரண்டாவது நிற்கும், முதலாவது நிற்பதில்லை. பொதுவாக அதை நிறுத்துவது இரைதான், ஓடிப்போவதன் மூலமாக. ஒன்று பிடிபட்டால் மற்றவை பறந்துவிடும், வேட்டை அத்தோடு முடியும். பறக்க வேண்டியது பறக்காதபோது முடிவு என்று ஒன்று வருவதில்லை.

அந்தக் கடற்காக்கைகளைப் பறக்கவிடாமல் செய்தது இருட்டு. என் கோழிகளுக்கு இருட்டும் இருந்தது, வலையும் இருந்தது. நாரத்தை மரத்தில் ஒன்று போயிருந்தால் மற்றவை சிதறியிருக்கும். உள்ளே புகுந்த விலங்கைக் கொடியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முடிவில்லாத ஒரு கணத்தை அதற்குக் கட்டிக்கொடுத்தவன் நான். பறவையின் தற்காப்பைப் பிடுங்கிக்கொண்டு நம்முடைய காப்பைக் கொடுக்கிறோம் என்பதுதான் அடைப்பின் உடன்படிக்கை. அதில் ஒரு கை அகலக் கிழிசல் இருந்தால், அடைப்பே இல்லாமலிருப்பது மேல்.

கொன்றவனைப் பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கண்ணி கொண்டுவந்தார். வேண்டாமென்றேன். காட்டுப்பூனையும் மரநாயும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காப்பில் உள்ளவை என்பது ஒரு காரணம். சங்கப்பாடல்களில் வந்த விலங்கு இன்னும் நம் வேலியோரம் மிஞ்சியிருக்கிறதே என்று உள்ளூர ஒரு மகிழ்ச்சி இருந்ததும் காரணம். இதை அவரிடம் சொல்லவில்லை.

*

சித்திரையில் புதிய அடைப்பைக் கட்டினோம். கொத்தனாரிடம் வர்ரோவைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. ஆனால் திட்டம் அவருடையதுதான்.

இரவுக்கு ஒரு செங்கல் அறை. நாலடிக்கு ஆறடி. உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சு. கொத்தனார் சொரசொரப்பாக விட்டுவிடப் பார்த்தார். கோழிக்கு எதற்கு மேல்பூச்சு என்றார். நின்று தேய்க்க வைத்தேன். உயரத்தில் இரண்டு காற்றுத்துளைகள், அவற்றில் வலை. உள்ளே உட்காருவதற்குச் சட்டங்கள்; உருட்டுக்கம்பு வழுக்கும், சதுரமாகச் செதுக்கியது வேண்டும் என்ற கொலுமெல்லாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டேன். கதவுக்குக் கொண்டி ஒன்று, அதன்மேல் கொக்கி ஒன்று.

பகலுக்கு அதன்முன் இருபதுக்குப் பத்தடி முற்றம். இம்முறை முறுக்குவலை இல்லை. அரையங்குலக் கண் கொண்ட, கம்பிகள் சந்திக்கும் இடமெல்லாம் பற்றவைத்த கனத்த வலை. வெல்டு மெஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள். முன்பு கொடுத்ததைப்போல் நான்கு மடங்கு விலை. "இதுல புலியே நிக்கும் சார்" என்றார் அதே கடைக்காரர். மேற்புறமும் மூடியாயிற்று, பாதிக்குத் தகரம், பாதிக்கு வலை.

அடிப்பகுதிக்குத்தான் அதிகம் யோசித்தேன். ஆழமாகப் புதைப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணும் புல்லும் போட்டு மூடிவிடுவது. தோண்டும் விலங்கு எப்போதும் வேலியின் காலடியில்தான் தோண்டுகிறது. அங்கே கம்பி தட்டுப்பட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி காலடியில் தோண்டும். இரண்டடி பின்வாங்கி அங்கிருந்து சுரங்கம் போட அதற்குத் தோன்றுவதில்லை. ஆழத்தைவிட அகலம் உதவுவது இதனால்தான். எங்கள் வீட்டு எஞ்சினியர் மருமகன் இதை நம்பவில்லை.

இப்போது ஆறு சிறுவிடைப் பேடைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. ஐப்பசியில் ஒருநாள் இரவு மழை விட்டபின் காலையில் போய்ப் பார்த்தேன். ஈரமண்ணில் தடங்கள். மேற்கு மூலையில் தொடங்கி, வேலியின் காலடியை ஒட்டியே நான்கு பக்கமும் சுற்றி வந்திருக்கிறது. மூன்று இடங்களில் பறித்துப் பார்த்திருக்கிறது. மூன்றிலும் புல்லுக்கடியில் கம்பி பளபளத்தது. செங்கல் அறையின் சுவரில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் சேறு படிந்த இரண்டு கோடுகள், மேலிருந்து கீழாக வழுக்கியவை. பிறகு தடம் கிளுவை வேலிக்குள் போய் மறைந்தது.

பெருச்சாளிக்கும் பாம்புக்கும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. சென்ற வாரம் பட்டப்பகலில், கதவு திறந்திருந்த நேரத்தில், இரண்டு முட்டைகள் போயின. அந்தியில் பேத்தி விளக்கோடு வருகிறாள். நான் கொண்டியைப் போடுமுன் அவள் ஏழு வரை எண்ணுகிறாள். சிலநாள் எட்டு என்று சொல்லிவிடுகிறாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணச் சொல்கிறேன்.